எழுத்தறியாத பேரரசர்

பாயான் பாரு, பினாங்கு
23 பிப்ரவரி 2025

அன்புள்ள தனுவுக்கு அண்ணி எழுதுவது.

உன் அண்ணனுக்கு முதுகு வலி, எனக்குத் தும்மல், யஷ்வினிக்கு ஒன்றுமில்லை. மூன்று பேரும் சுகம் என்றே வைத்துக்கொள். படகு கவிழாமல் போய்ச் சேர்ந்தாயா, அந்த ஊர்த் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று உடனே எழுது. போன் கிடைக்காத காட்டுக்குள் ஒரு பள்ளிக்கூடம், அதற்கு ஒரு டீச்சர், அந்த டீச்சர் நம் வீட்டுப் பெண்! கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது. தபால்தலை எங்கே விற்கிறார்கள் என்று தெரியாமல் இரண்டு கடை ஏறி இறங்கினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ சரவாக்குக்குக் கிளம்பிய மறுநாளிலிருந்து உன் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. "அம்மா ஏன் போன் பண்ணல?" என்ற ஒரே கேள்விதான். டவர் இல்லை, லைன் இல்லை என்று உன் அண்ணன் ஃபேக்டரி பாஷையில் விளக்கிப் பார்த்தார். எட்டு வயசுப் பிள்ளைக்கு டவராவது மண்ணாவது. சரி, ஃபெர்ரி பார்த்தால் மனசு மாறும் என்று ஜார்ஜ்டவுன் படகுத்துறைக்குக் கூட்டிப்போனேன். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றவள், "அத்தை, அம்மா எந்தப் பக்கம்?" என்றாள். கிழக்கே கையைக் காட்டினேன். பட்டர்வொர்த்தைத் தாண்டி, மலைகளைத் தாண்டி, இன்னொரு கடலையும் தாண்டி.

"அங்க யாரு இருக்கா?"

என் வாய்தான் உனக்குத் தெரியுமே. "ஒரு பேரரசர் இருக்காரு" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. கீழ்வானப் பேரரசு என்று பெயர் வைத்தாயிற்று. சூரியனை ராத்திரி முழுக்க அங்கேதான் கழுவிக் காயவைப்பார்கள். அந்த நாட்டில் வரியைக் காசாக வாங்க மாட்டார்கள், ஆளாளுக்கு நிழலில் ஒரு முழம் வெட்டிக் கொடுக்க வேண்டும். ஏழு மதில். பேரரசரை யாரும் பார்த்ததில்லை, திரைக்குப் பின்னால்தான் இருப்பார். உலகத்தையே ஆண்டாலும் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வெட்கத்தில்தான் உன்னை அழைத்திருக்கிறார், தமிழ் எழுத்து மொத்தத்தையும் கற்றுக்கொடுக்க. வெளிநாட்டுக் குரல் உள்ளே வந்தால் மதில் விரிசல் விடும், அதனால் போனுக்குத் தடை. கடிதத்துக்கு மட்டும் அனுமதி உண்டு.

கதை முடிந்ததும் பிள்ளை இரண்டு ரொட்டிச் சானாய் சாப்பிட்டாள் தனு. நான் சொன்னது பொய்தான், ஆனால் பசித்த பிள்ளை சாப்பிட்டாளே. நீயும் இதில் சேர்ந்துகொள். கடிதத்தோடு அவளுக்கென்று ஒரு தாள் தனியாக எழுதி அனுப்பு, பேரரசர் எப்படிப் படிக்கிறார் என்று.

உடம்பைப் பார்த்துக்கொள். கொசுவலை இல்லாமல் படுக்காதே.

உன் அண்ணி
லோகேஸ்வரி


பாராம் ஆற்று மேற்கரை, சரவாக்
16 மார்ச் 2025

அன்பு அண்ணிக்கு வணக்கம். அண்ணன் முதுகுக்கு அந்தப் பச்சை எண்ணெயையே தேய்க்கச் சொல்லுங்கள். எனக்கு இங்கே குறை ஒன்றுமில்லை, உடம்பு தேறிக்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தை ஆசிரியர் விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிள்ளையோடு பேச முடியாத குற்றத்தை ஒரு பேரரசர் தலையில் கட்டிவிட்டீர்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

இந்த ஊரைப் பார்த்தால் உங்கள் கதை அப்படியொன்றும் பொய்யில்லை. ஆறு தேத்தண்ணீர் நிறத்தில் ஓடுகிறது. ஒரே நீளக் கூரைக்குக் கீழே ஊரே குடியிருக்கிறது. காலையில் மூடுபனி விலகும்வரை எதிர்க்கரை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. தலைக்குமேல் பெரிய மூக்குப் பறவைகள் பறந்தால் யாரோ மூச்சு வாங்குவது மாதிரிச் சத்தம். யஷுவுக்கான தாளில் அவைதான் பேரரசரின் மந்திரிகள் என்று எழுதியிருக்கிறேன். பேரரசர் 'அ' கற்றுக்கொள்ள ஒரு வாரம் எடுத்துக்கொண்டார் என்றும், சுழி போடும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிறார் என்றும். உண்மையில் நான் இங்கே ஆங்கிலமும் கணக்கும்தான் சொல்லித்தருகிறேன், அது அவளுக்கு வேண்டாம்.

மாற்றல் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன் அண்ணி. அரசாங்க விஷயம், நம் கையில் என்ன இருக்கிறது? கிடைத்த மறுநாளே வந்து என் பிள்ளையைக் கூட்டிக்கொள்வேன். அதுவரை உங்களுக்குத்தான் சிரமம்.

அண்ணனுக்கு என் அன்பு. யஷுவின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம்.

தனுஜா


பாயான் பாரு
20 ஏப்ரல் 2025

அன்புள்ள தனு, சித்திரைப் புத்தாண்டு நல்லபடி கழிந்தது. உனக்கும் எங்கள் வாழ்த்து, பிந்தினாலும் வாழ்த்து வாழ்த்துதான். யஷுவுக்கு இடையில் நான்கு நாள் காய்ச்சல் கண்டு இறங்கிவிட்டது. டெங்கி இல்லை, பயப்படாதே. நான் ஆபீஸுக்கு லீவு போட்டுக் கூடவே இருந்தேன்.

கீழ்வானப் பேரரசு இங்கே எங்கள் வீட்டையே பிடித்துக்கொண்டது. உன் மகள் அட்டையில் ஏழு மதில் கட்டி வரவேற்பறையில் வைத்திருக்கிறாள், உன் அண்ணன் இரண்டு தடவை அதில் கால் இடறி விழப்பார்த்தார். காவலர்களுக்குக் காது கிடையாதாம், அது அவள் போட்ட சட்டம். மத்தியானத்தில் குடையில்லாமல் வெளியே போனால், "மாமா, நெழலக் குடுத்துட்டு வராதீங்கலா" என்று சத்தம் போடுகிறாள். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா ரோஹானா கூட, "உங்க ராஜா இன்னிக்கு என்ன படிச்சாரு?" என்று அவளைக் கேட்கிறார்.

காய்ச்சல் படுக்கையில் ஒரு கேள்வி கேட்டாள். "எழுத்துச் சொல்லிக் குடுத்தா ராஜா அம்மாவுக்கு என்ன குடுப்பாரு? இல்ல, அம்மாதான் எதையாச்சும் குடுக்கணுமா?" நானும் என்னவோ சொல்லி வைத்தேன், இப்போது ஞாபகமில்லை. விடு.

உயிரெழுத்து முடிந்ததாக எழுதியிருந்தாய். அவசரமில்லை, நிதானமாகவே போகட்டும். அரசாங்கத்தை நம்பி நீ ஏங்கிப்போகாதே. இங்கே அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

சாப்பாட்டைக் கவனி.

அண்ணி


மாருடி, சரவாக்
30 மே 2025

அன்பு அண்ணிக்கு, நான் சுகம். அண்ணன், நீங்கள், யஷு மூவரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

பள்ளி விடுமுறைக்குப் பினாங்கு வருவேன் என்று சொல்லியிருந்தேன். வரவில்லை. ஊரில் அறுவடைத் திருநாள், படகெல்லாம் மேலே வருகிறவர்களுக்குத்தான், கீழே போக இடமில்லை என்றார்கள். மாருடி வரைதான் வரமுடிந்தது. நான் இன்னும் கொஞ்சம் முயற்சி செய்திருக்கலாம்.

இங்கே லைன் கிடைத்ததும் நேற்று உங்கள் நம்பருக்கு அடித்தேன். யஷு எடுத்தாள். "யஷு, அம்மாடா" என்றேன். மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் ரொம்ப மெதுவாக, "பேசாதீங்க, மறந்துருவீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன், யாரும் எடுக்கவில்லை.

எதை மறந்துவிடுவேன் அண்ணி? மதில் விரிசல் விடும் என்பதுதானே சட்டம்? மாருடி பேரரசுக்கு வெளியே இருக்கிறது, இங்கிருந்து பேசினால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்குச் சொல்லிவையுங்கள். மூன்று மாதம் கழித்து என் பிள்ளையின் குரலை அவ்வளவுதான் கேட்டேன்.

அவளுக்கான தாளைச் சந்தோஷமாகவே எழுதியிருக்கிறேன். க, ங, ச, ஞ முடித்து 'ட' வரிசைக்கு வந்துவிட்டார் பேரரசர். இப்போதெல்லாம் நாக்கைக் கடிப்பதில்லை.

தனுஜா


பாயான் பாரு
22 ஜூன் 2025

தனுவுக்கு, எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. பிள்ளைகள் நினைத்தால் பேசுவார்கள், நினைத்தால் ஒளிந்துகொள்வார்கள். நான் குளித்துக்கொண்டிருந்தேன், அதனால் இரண்டாவது தடவை எடுக்க முடியவில்லை.

பரதநாட்டிய வகுப்பில் சேர்த்துவிட்டேன், வாராவாரம் சனிக்கிழமை. சலங்கை வாங்கியாயிற்று. குறைந்தது மூன்று வருஷமாவது விடாமல் போனால்தான் அடவு படியும் என்று டீச்சர் சொல்கிறார். உனக்கு அங்கே இன்னும் கொஞ்சகாலம் இருக்க வேண்டி வந்தாலும் இவள் படிப்பை நடுவில் கலைக்க வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். உன் அண்ணனும் அப்படித்தான் நினைக்கிறார்.

மழை நாள், கவனம்.

அண்ணி


பாராம் ஆற்று மேற்கரை
31 ஆகஸ்ட் 2025

அன்பு அண்ணிக்கு, வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே? இரண்டு கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. படகுக்காரர் வரும்போதெல்லாம் துறைக்கு ஓடுகிறேன், அவரே என்னைப் பார்த்ததும் கையை விரித்துவிடுகிறார்.

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். 'உன் அண்ணனும் அப்படித்தான் நினைக்கிறார்' என்று எழுதியிருந்தீர்கள். அண்ணன் எதையாவது நினைப்பதாக நீங்கள் சொல்லி நான் கேட்பது இதுதான் முதல் தடவை. பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பதில் உங்களுக்குச் சங்கடம் ஏதும் இருந்தால் நேராகவே சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவளை விட்டுவிட்டு வந்தவள் நான். தினமும் முப்பது பிள்ளைகளுக்குத் தலைவாரிவிட்டு வகுப்புக்குள் அனுப்புகிறேன், ஒவ்வொரு சடைக்கும் மனசு குத்துகிறது.

நல்ல செய்தி ஒன்று. தீபாவளிக்குக் கட்டாயம் வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. யஷுவுக்கான தாளில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்: பேரரசர் 'ம' வரிசையை முடித்துவிட்டார், இனி வேகம்தான், தீபாவளிக்குள் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் முடிந்துவிடும், முடிந்த அன்றே அம்மா உன்னிடம் வருவேன் என்று. அவள் குதிப்பாள் இல்லையா? அந்த முகத்தை எனக்காகப் பார்த்துச் சொல்லுங்கள்.

அண்ணனுக்கு அன்பு.

தனுஜா


மிரி, சரவாக்
24 அக்டோபர் 2025

அண்ணிக்கு,

சுகம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. நாளைக் காலை படகு. அதற்குமுன் இதைத் தபாலில் போட்டுவிட வேண்டும். உங்கள் வீட்டில் உங்கள் முன்னால் கேட்டிருக்க வேண்டியதை, தீபாவளி நாளில் அண்ணன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

கதவைத் திறந்தது யஷுதான். வளர்ந்திருந்தாள். கையை நீட்டினேன். அவள் உங்கள் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "வாங்க ஆன்ட்டி" என்றாள். பெற்ற பிள்ளை, அண்ணி. முறுக்குத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு விருந்தாளிக்குச் செய்கிற மாதிரி, "எடுத்துக்குங்க ஆன்ட்டி" என்றாள். நீங்கள் அடுக்களைக்குப் போய்விட்டீர்கள்.

அன்று சாயந்திரம் அவளே என்னிடம் வந்தாள். சோதனை வைப்பதற்கு.

"நம்ம பழைய ஃபிளாட்ல கீழ ஒரு பூனை இருந்துச்சுல்ல. அதுக்கு நான் என்ன பேரு வெச்சேன்?"

எனக்கு வரவில்லை. அந்த ஃபிளாட்டில் இருந்த கடைசி வருஷம் எனக்கும் கிஷனுக்கும் விவாகரத்துக் கோர்ட்டும் வக்கீலுமாக இருந்தது, பூனை எங்கே நினைவில் நிற்கும்? மணி என்றேன், சிரித்துப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. திரும்பி உங்களைப் பார்த்து, "போயிருச்சு அத்தை" என்றாள். அழவுமில்லை. கடையில் மீன் தீர்ந்துவிட்டது என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். நீங்கள் அவளை இழுத்து அணைத்துக்கொண்டீர்கள், என் கண்ணைப் பார்க்கவில்லை.

விமானத்தில் ஞாபகம் வந்தது. மைலோ. பூனையின் பெயர் மைலோ. பக்கத்தில் இருந்தவர் பயந்துபோகும்படி வாய்விட்டுச் சொன்னேன்.

என் பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள்?

தனுஜா


பாயான் பாரு
9 நவம்பர் 2025

தனுவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதைச் சொல்லி உன் இரக்கத்தை வாங்கப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், ஒரே மூச்சில் எழுதாவிட்டால் எழுத மாட்டேன்.

ஏப்ரலில் காய்ச்சல் வந்ததே, மூன்றாம் நாள் மத்தியானம் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்து "அம்மா" என்றாள். நான் அத்தை என்று திருத்தவில்லை. "என்னம்மா" என்றேன். பதினொரு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, போதும் என்று நானும் உன் அண்ணனும் கைகழுவிய ஆசை அது. அந்த ஒரு சொல்லில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் தெளிந்து எழுந்தவள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள், எழுத்துக்கு அம்மா என்ன கொடுக்க வேண்டும் என்று. ஞாபகமில்லை என்று உனக்கு எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. "ஒவ்வொரு எழுத்துக்கும் அம்மா ஒரு ஞாபகத்தைக் குடுத்துரணும். போன்ல பேசுனாலும் ஒண்ணு போயிரும்" என்றேன்.

"என்னையுமா?"

"கடைசி எழுத்துல எல்லாம் போயிரும். அப்பறம் அம்மா மாதிரியே ஒருத்தவங்கள அனுப்பி வெப்பாங்க. மொகம் அம்மாதான். ஆனா அம்மா இல்ல."

சொல்லும்போதே தப்பு என்று தெரியும். வாய் தவறி வந்தது என்று சொல்ல மாட்டேன். அவள் உன்னிடம் திரும்பிப் போகும் நாளை நினைத்துத்தான் சொன்னேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. நீ மாதாமாதம் சிரித்துக்கொண்டே எழுதுவாய், 'க' வரிசை முடிந்தது, 'ட' வரிசை முடிந்தது என்று. உன் வாயாலேயே உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டிருந்தாய், அது உனக்குத் தெரியாது. அந்தத் தாளைப் படித்ததும் அவள் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நிற்பாள். நான் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லி அந்தப் பொய்யை அழித்திருக்கலாம், கையில்தான் இருந்தது அந்த வார்த்தை. சொல்லவில்லை. ஆகஸ்டில் நீ அவள் குதிப்பாள் என்று எழுதினாயே, அவள் என்னிடம் வந்து, "ராஜாவ கொஞ்சம் மெதுவாப் படிக்கச் சொல்லி அம்மாவுக்கு எழுதுங்க அத்தை" என்று கெஞ்சினாள். எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை.

தீபாவளியன்று நான் அடுக்களையில் நின்று சந்தோஷப்பட்டேனா என்று நீ கேட்கலாம். பட்டேன். அவள் என் முந்தானையைப் பிடித்தபோது பட்டேன். அடுத்த நிமிஷமே உன் முகத்தைப் பார்த்தேன், அதற்கப்புறம் எனக்கு எதுவுமே சந்தோஷமாக இல்லை.

உன் அண்ணனிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அவர் நினைக்கிறார் என்று நான் எழுதியதும் என் பொய்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம், "கட்டுனது நீதானே லோகா, நீயே போய் ஒடச்சிட்டு வா" என்றார்.

டிசம்பர் லீவில் யஷுவை அங்கே கூட்டி வருகிறேன். உன் எதிரிலேயே அவளிடம் உண்மையைச் சொல்லி, அவளை உன்னிடம் விட்டுவிட்டு வருகிறேன். வர வேண்டாம் என்றாலும் வருவேன்.

லோகேஸ்வரி


பாராம் ஆற்று மேற்கரை
29 நவம்பர் 2025

அண்ணிக்கு,

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வாருங்கள், ஆற்றில் தண்ணீர் இருக்கும். மாருடியில் படகுக்காரரிடம் என் பெயரைச் சொன்னால் போதும். யஷுவுக்கு உயிர்காக்கும் சட்டை சின்ன அளவில் கேட்டு வாங்கிப் போடுங்கள், அவர்களாகத் தர மாட்டார்கள்.

உங்களைத் திட்டி மூன்று தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன். வேறெதுவும் இப்போது எழுத வரவில்லை.

தனுஜா


பாயான் பாரு
4 ஜனவரி 2026

தனுவுக்கு அண்ணி எழுதுவது.

வந்து சேர்ந்துவிட்டேன். உன் அண்ணன் சுகம். அட்டை மதில்களை எடுத்துப்போட எங்கள் இருவருக்கும் கை வரவில்லை, சுற்றிக்கொண்டுதான் நடக்கிறோம். சனிக்கிழமை வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

உன் முன்னால்தான் சொன்னேன். இருந்தாலும் அந்தத் துறையில் நடந்ததை என்னால் எழுதிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. படகு கரை தட்டியதும் அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். மதில் இல்லை, காவலர் இல்லை. நாய் ஒன்று குரைத்தது, கைலி கட்டிய ஒருவர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நீ படிக்கட்டில் நின்றாய், இறங்கி வரப் பயந்துகொண்டு.

மண்டியிட்டு அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன். "யஷு, ராஜா இல்ல. பேரரசு இல்ல. அத்தைதான் எல்லாத்தையும் கட்டிச் சொன்னேன். அம்மா எதையும் மறக்கல. நீ என்கிட்டயே இருக்கணும்னு அத்தை பொய் சொன்னேன்" என்றேன்.

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. உன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அம்மாவ யாரு போகச் சொன்னது?"

அரசாங்கம் என்று சொல்லிவிடு என்று நான் கண்ணாலேயே கெஞ்சினேன். நீ சொல்லவில்லை. நான் புறப்படும்வரை அவள் உன்னிடமும் பேசவில்லை, என்னிடமும் பேசவில்லை. படகு திரும்பும்போது கையும் ஆட்டவில்லை. சரிதான், எனக்கு எதற்குக் கை ஆட்ட வேண்டும்?

நீ என்ன பதில் சொன்னாய் தனு? எனக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லை. தெரியாமலும் இருக்க முடியவில்லை. காய்ச்சல் கண்டால் அவளுக்கு முதலில் கால்தான் குளிரும், காலுறை போட்டுவிடு.

லோகேஸ்வரி


பாராம் ஆற்று மேற்கரை
25 ஜனவரி 2026

அண்ணிக்கு வணக்கம். நானும் யஷுவும் நலமாக இருக்கிறோம். அவள் இங்கேயே என் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். நீளவீட்டுப் பிள்ளைகளோடு ஆற்றில் குளிக்கக் கற்றுக்கொண்டாள். காலுறை போட்டுவிட்டேன்.

கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். உங்கள் பொய்யைப் படித்து உங்களை மூன்று தடவை திட்டினேன் என்று எழுதினேன். கிழித்துப்போட்டது கோபம் தணிந்ததால் இல்லை, என் பொய் நினைவுக்கு வந்ததால்.

என்னை யாரும் இங்கே அனுப்பவில்லை அண்ணி. பினாங்கிலேயே இடம் இருந்தது. உட்புறப் பள்ளிக்கு விருப்பம் தெரிவித்து நானேதான் விண்ணப்பித்தேன். கிஷனோடு எல்லாம் முடிந்தபிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதே கேள்வி, அதே பார்வை. வீட்டுக்கு வந்தால் யஷுவின் முகம். அவள் சிரிக்கும்போது கிஷன் சிரிக்கிற மாதிரியே இருக்கும். கொஞ்ச நாள் அந்த முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. ஒரு தாய் இப்படி நினைக்கலாமா? நினைத்தேன். போன ஜூனில் மாற்றல் தானாகவே வந்தது, நிபோங் திபாலுக்கு. உங்கள் வீட்டிலிருந்து பாலம் தாண்டினால் வந்துவிடும் தூரம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மறுத்து எழுதினேன். உங்கள் பேரரசர் எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தார். அவள் உங்களிடம் ஒட்டிக்கொண்டதற்கு நீங்கள் மட்டும் காரணம் இல்லை.

நீங்கள் போன மறுநாள் படிக்கட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிஷன் பேச்சை எடுக்கவில்லை, அது அவளுக்குத் தேவையில்லை. மற்றதைச் சொன்னேன். "யாரும் போகச் சொல்லல யஷு. அம்மாவேதான் கேட்டு வந்தேன். அம்மா செஞ்சது தப்பு."

அவள் எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள். அடுத்த நாளும் பேச்சில்லை. அதற்கடுத்த நாள் சாயந்திரம் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் திரும்பாமலே சொன்னாள்.

"ராஜாதான் கூப்பிட்டாருன்னு சொல்லுங்க."

"ராஜா இல்லடா. அத்தை சொன்னாங்கல்ல."

"தெரியும்லா. சும்மா சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. இனிமேல் அவளிடம் பொய்யே சொல்வதில்லை என்று அப்போதுதான் முடிவு செய்திருந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"சொல்லுங்கம்மா."

பிப்ரவரிக்குப் பிறகு அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது அப்போதுதான்.

மாற்றலுக்கு விண்ணப்பித்துவிட்டேன், இந்தத் தடவை நிஜமாகவே. ஜூனில் கிடைத்தால் நிபோங் திபாலில் வீடு பார்க்கிறோம். நாட்டிய வகுப்பில் அவள் இடத்தை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று டீச்சரிடம் சொல்லி வையுங்கள். உங்களைப் பற்றி அவள் இன்னும் எதுவும் பேசவில்லை. பேசும்போது எழுதுகிறேன்.

அண்ணன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்களும் சாப்பிடாமல் இருக்காதீர்கள்.

அவள் கேட்டபடியே சொன்னேன் அண்ணி. ராஜாதான் கூப்பிட்டார், அம்மாவால் மறுக்க முடியவில்லை என்று. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள், சொன்னேன். அதற்கப்புறம்தான் என் மடியில் தலையை வைத்தாள்.

தனுஜா